வீடு பழுது பார்க்கப் போறீங்களா? நெகேமியாவைக் கேளுங்க!



எங்கள் வீடு ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் பக்கம். மாமனார் கட்டியது, முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் காற்றில் குடியிருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். சுவரில் உப்பு பூக்கும்; பெயின்ட் அடித்த ஆறே மாதத்தில் பொரிந்து கொட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, பிள்ளைகள் படுக்கிற அறையில் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்தது. அன்று முதல் பிள்ளைகளுக்கு ஹாலில்தான் பாய்.

"ஜெபம் பண்ணும்மா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றார் என் நாத்தனார். "ஜெபம் பண்ணினா சிமென்ட் மூட்டை வந்து இறங்கிடுமா?" என்று சிரித்தாள் எதிர்வீட்டுக்காரி. இருவருக்குமே பதில் பைபிளில் இருக்கிறது. இடிந்ததைக் கட்டுவது பற்றி அதில் இருக்கிற அளவுக்கு எங்கள் மேஸ்திரி கூடப் பேச மாட்டார்!

நெகேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீக அரசனிடம் வேலை பார்த்தவர். எருசலேம் மதில் இடிந்து கிடப்பதைக் கேட்டு அழுதார், நோன்பு இருந்தார், ஜெபித்தார். அதோடு நிற்கவில்லை. அரசனிடம் லீவு கேட்டார், மரத்துக்குக் கடிதம் வாங்கினார். ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் ராத்திரியில் மதிலைச் சுற்றிப் பார்த்தார். எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். வேலை 52 நாளில் முடிந்தது. அந்தப் பட்டியலில் சல்லூம் என்பவர் தன் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து மதில் கட்டியதாக ஒரு வரி வருகிறது. அதை என் இரண்டு பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியவள், "அப்ப எனக்கு எவ்வளவு கூலி தருவே?" என்கிறாள்.

நானும் அப்படியே செய்தேன். மேஸ்திரியைக் கூப்பிடும் முன்னால், இவரும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு, தள்ளி நின்று, நீளக் கம்பால் சீலிங்கை இடம் இடமாகத் தட்டினோம். கெட்டியான இடம் கணீரென்று கேட்கிறது; விட்டுப்போன இடம் பொக்கென்று கேட்கிறது. பொக்கை எல்லாம் ஒரு நோட்டில் படம் போட்டுக் குறித்தேன். அந்த நோட்டைக் காட்டியதும் மூன்று மேஸ்திரிகளும் பேசிய விதமே வேறு. "மொத்தமா பூசிடலாம்மா" என்று யாரும் ஆரம்பிக்கவில்லை.

அவர்களில் வயதானவர்தான் காரணத்தை விளக்கினார். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏற ஏறக் கம்பி உப்புகிறது. மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அதனால் மேலே பூசி மறைத்தால் திரும்ப விழும். முட்டுக் கொடுத்து, விட்ட இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தமாகத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, இற்றுப்போன இடத்தில் புதுக் கம்பி கட்டித்தான் பூச வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமல் அடைப்பதும் கூடவே நடக்க வேண்டும். இன்னொன்று: கலவைக்கும், பூசின பிறகு நனைப்பதற்கும் எங்கள் போர் தண்ணீர் உதவாது, உப்பு. நல்ல தண்ணீர்தான் பிடித்து வைக்க வேண்டும். குடத்துக்கு வரிசையில் நிற்கிற நமக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!

லேவியர் ஆகமம் 14-ஆம் அதிகாரத்தைப் படித்தபோது வியந்து போனேன். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை கண்டால் முதலில் சாமான்களை வெளியே எடு. குரு வந்து பார்க்கட்டும். ஏழு நாள் பூட்டி வை. பரவியிருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதுக் கல், புதுச் சாந்து. அதற்கும் அடங்காவிட்டால் வீட்டையே இடித்துவிடு. பூசி மறைக்க இடமே இல்லை.

பணம்தான் பெரிய பாடு. வீடு முழுக்க என்றால் 3 லட்சத்து 80 ஆயிரம் என்றார்கள். கையில் இருப்பது சீட்டுப் பணம் 1 லட்சத்து 40 ஆயிரம். இவருக்குத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. "உன் செயினை வெச்சுக்கலாமா?" என்றார் தயங்கித் தயங்கி. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைப் பார்ப்பான் என்கிற இயேசுவின் உவமை (லூக்கா 14) இருக்கிறதே, அதைச் சொன்னேன். பாதியில் நின்றால் ஊர் சிரிக்கும் என்றும் அதில் வருகிறது. எங்கள் தெருக்கோடியிலேயே கம்பி நீட்டிக்கொண்டு ஒரு வீடு நிற்கிறது. ஆகவே பிள்ளைகள் அறையும் அதன் மேல் தளமும் மட்டும் இப்போது: 1 லட்சத்து 15 ஆயிரம். மீதி 25 ஆயிரத்தைத் தொடுவதில்லை. கொத்தின பிறகுதான் கம்பியின் உண்மை நிலை தெரியும் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். செயின் கழுத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு கணக்குப் போட்டவளுக்கு ஜெபம் எதற்கு என்று கேட்பீர்கள். கணக்குப் போட்ட அன்று ராத்திரிதான் எனக்கு அதிகப் பயம் வந்தது. 1829-ல் படகோட்டிகள் கட்டிய ராயப்பர் கோவிலில் போய் உட்கார்ந்தேன். ராயப்பர் என்பது பேதுருவின் பழைய தமிழ்ப் பெயர். எங்கள் ஊர்ப் பெயரே அவரால் வந்ததுதான். பணம் கேட்கவில்லை. சாரத்தில் ஏறுகிறவர்கள் பத்திரமாக இறங்க வேண்டும், இவருக்கு வேலை நிற்கக்கூடாது, எனக்கு வாய் அடங்க வேண்டும் என்று கேட்டேன். மூன்றாவதுதான் கஷ்டமான வேண்டுதல் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆடியில் ஆரம்பிக்கிறோம். "ஆடியில் எவளாவது கை வைப்பாளா?" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. எங்களுக்கு அந்தக் கணக்கில்லை. அந்த மாதம் மேஸ்திரிக்கும் வேலை குறைவு, ஐப்பசி மழைக்கு முன் முடிந்தும் விடும். அந்த நாட்களில் பாத்திர மூட்டையை அவள் வீட்டில்தான் வைக்கப் போகிறேன், அவளாகவே சொல்லிவிட்டாள்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்தான் இன்னும் உறுத்துகிறது. வீடு கட்டினால் கூரைக்குக் கைப்பிடிச் சுவர் வை, யாரும் விழுந்தால் அந்தப் பழி உன் வீட்டுக்கு என்று மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது (இணைச்சட்டம் 22). எங்கள் மாடியில் அது முழங்கால் உயரம்தான். பட்டம் விடும் பையன்கள் தெருவில் எக்கச்சக்கம். அதற்கு இந்தத் தடவை பணமில்லை. மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன், சாவி என் முந்தானையில்.

- ஒரு வாசகி, ராயபுரம்