வட மாகாணத்தைத் தெரிந்து கொள்ளுங்கள்!

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உண்டு. ஒவ்வொன்றின் ஆளுநரையும் அந்த மாநில மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். பொது அறிவுப் போட்டியில் மளமளவென்று சொல்லிப் பரிசும் வாங்கியிருப்பார்கள். ஆனால், தமிழ் பேசும் இலங்கையின் வட மாகாணத்தைப் பற்றிக் கேட்டால்? வாருங்கள், சுன்னாகத்திலிருந்து தொடங்குவோம்.

மண்ணும் கிணறும்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்கள் சேர்ந்ததே வட மாகாணம். பரப்பளவு 8,884 சதுர கிலோமீட்டர். 2012 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் பத்தரை இலட்சம்.

சுன்னாகம், யாழ்ப்பாண நகருக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியில் உள்ள சந்தை நகரம். அருகிலுள்ள கந்தரோடையில் பழைய பௌத்தச் சின்னங்கள் இருக்கின்றன; 1917-ல் அங்கே அகழாய்வு நடந்தது. பக்கத்து ஊரான உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் 1824-லேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி திறந்தார்கள்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை என்பது தெரியுமா? மழை நீரைச் சுண்ணாம்புப் பாறை தேக்கி வைக்கிறது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான் கதி. தரையில் எதைக் கொட்டினாலும் அது கிணற்றுக்குப் போய்ச் சேரும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

தலைவர்கள்

சுன்னாகத்தில் 1913-ல் பெண்களுக்காகக் கல்லூரி தொடங்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1911-ல் படித்த இலங்கையருக்கென ஏற்பட்ட ஒரே தொகுதியில் வென்றவரும் அவரே. இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று அவர் எழுதியதும், அதை மறுத்து 1907-ல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் நூல் எழுதியதும் நம் வாசகர்கள் அறிய வேண்டிய வரலாறு.

1944-ல் ஜி.ஜி. பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கினார். அதிலிருந்து பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949-ல் தமிழரசுக் கட்சியை அமைத்து, கூட்டாட்சி கேட்டார். வியப்பு என்னவென்றால், 1926-லேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து கூட்டாட்சியை ஆதரித்துப் பேசியவர் பண்டாரநாயக்க! அவர் பிரதமரானபின், பிராந்திய சபைகள் அமைக்க 1957-ல் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்.

உடுவில் தொகுதியில் 1960-லிருந்து மக்கள் பிரதிநிதியாக இருந்த வி. தர்மலிங்கம் 1985-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாண மாநகரம் 1955-ல் எம்.எம். சுல்தான் என்ற முஸ்லிமை மேயராக அமர்த்தியது. அதே நகரிலிருந்து 1990 அக்டோபர் 30-ல் முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெருமையைச் சொல்லும்போது இந்த வேதனையையும் மறைக்கக் கூடாது.

சபை வந்தது, போனது

1987-ல் சட்டம் வந்தும், வட மாகாணம் தனக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தது 2013 செப்டம்பர் 21-ல்தான். 38 இடங்களில் 30-ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. முன்னாள் நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த போனஸ் இடங்களில் ஒன்றை அய்யூப் அஸ்மினுக்கு வழங்கியது.

அக்காலத்தில்தான் சுன்னாகம் மின் நிலையப் பகுதியைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் குமுறினார்கள். பௌசர்களில் வந்த தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருந்தார்கள். மாகாண சபை நிபுணர் குழு அமைத்தது. ஆனால் நிவாரணம் வந்தது கொழும்பிலிருந்துதான்: தனியார் மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது.

அதற்குள் சபையே இல்லாமல் போய்விட்டது. 2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. 2025-லும் தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகத்தை நடத்தினார்.

‘இருந்தபோது மட்டும் சபை என்ன கிழித்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தேர்ந்தெடுத்தவரை வீதியில் மறித்து, ‘என் கிணற்றுக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். நியமனம் பெற்று வந்தவரை யார் அனுப்புவது?

அமெரிக்க மாநிலங்களின் தலைநகரங்களை மனப்பாடம் செய்யும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டையும் சொல்லிக் கொடுங்கள்.