வைரம் பாய்ந்த பலா

கண்டிப் பெரஹராவில் யானையைப் பார்க்கிற கூட்டம், மேளகாரர் இடுப்பில் தொங்கும் கெட பெரய மேளத்தின் மரத்தைக் கவனிப்பதில்லை. நடு பருத்து இரு முனையும் சிறுத்த அந்த உடல் ஒரே கட்டையில் கடைந்தது. வேம்பு, கொன்றை, பலா எல்லாவற்றிலும் செய்வார்கள். இவற்றுள் கண்டி வீட்டுத் தோட்டங்களில் அதிகம் நிற்பது பலா.

நிற்கிறது என்பதற்காக வெட்டிவிட முடியாது. சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் ஊரைக் காப்பாற்றுகிற மரம் அது. பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே காற்றில் சாய்ந்ததோ, அனுமதி பெற்று வெட்டியதோ, கிடைத்த மரத்துக்குள்தான் நல்ல கட்டையைத் தேட வேண்டும்.

அறுத்த முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உள்ளே மஞ்சளாக இருப்பது வைரம், வெளியே வெளுத்த வளையம் வெளிறு. வெளிறு அகலமாக இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. பூச்சி முதலில் அதைத்தான் தின்னும். வளையங்களின் மையம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அது சாய்ந்து வளர்ந்த மரம் அல்லது கிளைக்கட்டை. காயும்போது கோணிக்கொள்ளும். கணு இருக்கும் இடத்தில் உளி துள்ளும்.

பச்சை மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுருக்கம் தொடங்குகிறது. வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருட்டுக்கட்டையை அப்படியே போட்டுவைத்தால் நடுவிலிருந்து நட்சத்திரமாக வெடிப்பது இதனால்தான். கிண்ணம் கடைபவர் மையத்தின் வழியே கட்டையை இரண்டாகப் பிளந்து தப்பிக்கிறார். மேளம் செய்பவருக்கு முழு உருண்டை வேண்டும். அவர் நடுவையே குடைந்து எறிந்துவிடலாம். வெடிப்பு தொடங்குகிற இடம் அதோடு போய்விடும், சுவரும் இரு பக்கமும் காற்றுப்பட்டுச் சீராகக் காயும். மரம் பச்சையாக இருக்கும்போதே, சுவரைத் தடிமனாக விட்டுக் குடைவது நல்லது. பச்சை மரத்தில் உளியும் எளிதாக இறங்கும்.

குடைந்ததை வெயிலில் வைப்பது கெடுதல். முனைகளில்தான் ஈரம் வேகமாக வெளியேறும் என்பதால் அங்கே மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் அடுக்க வேண்டும். கண்டியின் மழை மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும், காற்றோட்டம் இருந்தால் போதும். வாரத்துக்கொரு முறை தராசில் வைத்து, எடை குறைவது நின்றதும் கடைசிக் கடைசலுக்கு எடுக்கலாம். அவசரத்துக்கு விற்கிறவர்கள் காய வேண்டிய மாதங்களைத்தான் விழுங்குகிறார்கள்.

கடைசல் மரத்தின் மேல் செய்யும் அரக்கு வேலையில் இந்தக் காய்ச்சல் இன்னும் முக்கியம். கண்டிய கைவினைகளைப் பற்றி 1908இல் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி அரக்கு வேலையையும் பதிவு செய்திருக்கிறார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படிகிறது. மரத்துக்குள் ஈரம் மிச்சமிருந்தால், சில மாதத்தில் மரம் சுருங்க, மேலே உள்ள அரக்கு கீறிப் பெயரும்.