ஓர் அரிசிமணியளவு செலேனியமும் கமக்காரரின் இருதயமும்

எமது உடம்பில் இரும்பு இருக்கிறது என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்வர். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். செம்பும் நாகமும் மங்கனீசும் இருக்கின்றன என்றால் சிலர் சிரிப்பர். ஆனால் அவையும் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருடைய உடம்பிலுள்ள இரும்பு முழுவதையும் சேர்த்தால் ஒரு சிறிய ஆணி செய்யலாம். செம்பு அதைவிட மிகக் குறைவு. செலேனியம் என்றொரு மூலகம் இருக்கிறது. தலை முதல் கால் வரை உள்ள அவ்வளவையும் திரட்டினாலும் அதன் எடை ஏறத்தாழ ஓர் அரிசிமணியின் எடைதான். (சரியாகச் சொன்னால் செலேனியம் முழு உலோகமன்று. உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்டது. ஆனாலும் உடம்பின் நுண்ணுலோகங்களைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்தே பேசுவது வழக்கம்.)

அந்த ஓர் அரிசிமணி இல்லாமற்போனதால் ஒரு நாட்டின் கமக்காரக் குடும்பங்கள் பல பத்து வருடங்களாகப் பட்ட பாட்டை இங்கே சொல்ல விரும்புகிறோம். மண்ணை நம்பி வாழ்ந்து, பின் அந்த மண்ணை விட்டு வந்து பங்கீட்டு உணவில் காலம் கழித்தவர்களுக்கு இதில் யோசிக்க நிறைய உண்டு.

சீனாவின் வடகிழக்கிலே எயிலோங்சியாங் மாகாணத்தில் கேசான் என்றொரு மாவட்டம் உள்ளது. 1935ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்குள்ள கிராமங்களில் இன்னதென்று தெரியாத ஒரு நோய் பரவியது. நன்றாக நடமாடியவர்களுக்குத் திடீரென நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும், கைகால் குளிரும். பலர் விரைவிலேயே இறந்தனர். தப்பியவர்களுக்கும் இருதயம் வீங்கிப் பெருத்து, படி ஏறினாலே மூச்சு வாங்கும், கால் வீங்கும். இறந்தவர்களின் இருதயத்தைப் பரிசோதித்தபோது தசை ஆங்காங்கே செத்து, அந்த இடங்களில் தழும்பு விழுந்திருந்தது. காரணம் தெரியாததால் ஊரின் பெயரையே நோய்க்கும் வைத்தார்கள். பின்னர் பார்த்தால் இது கேசானில் மட்டும் இருக்கவில்லை. வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை, நாட்டின் குறுக்கே ஒரு பட்டி போல நீண்ட பகுதியெங்கும் இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சிறு பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும்.

ஆராய்ந்தவர்களை முதலில் திகைக்க வைத்த விடயம் ஒன்று. நோய் கமக்காரர் வீடுகளுக்கே வந்தது. அதே இடத்தில், அதே காற்றையும் குளிரையும் அனுபவித்து, அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அநேகமாக வரவில்லை. இரு பகுதியினருக்கும் வித்தியாசம் எங்கே? சட்டியில்தான். கமக்காரர் தம் காணியில் விளைந்த சோளத்தையும் மற்றத் தானியங்களையுமே வருடம் முழுவதும் சாப்பிட்டனர். வெளியிலிருந்து வாங்க வழியில்லை. இறைச்சியும் மீனும் அபூர்வம். உத்தியோகத்தரின் வீட்டுக்கு வந்த பங்கீட்டுத் தானியமோ வெவ்வேறு மாவட்டங்களில், வெவ்வேறு மண்ணில் விளைந்தது.

சொந்த மண்ணில் விளைந்ததை உண்பதுதான் சுகம் என்பது எமது ஊர்களிலும் பழகிய எண்ணம். பல வகையில் அது சரியே. ஆனால் மண்ணில் இல்லாததைப் பயிர் தர முடியாது. பயிர் வளரச் செலேனியம் தேவையில்லாததால், அது இல்லாத மண்ணிலும் பயிர் பச்சைப் பசேலென்றே நிற்கும். இலை மஞ்சளாகி எச்சரிக்காது. பார்க்கும் கமக்காரனுக்கு ஒரு குறையும் தெரியாது.

துப்புக் கிடைத்தது கால்நடையிலிருந்து. அதே பகுதிகளில் செம்மறிக் குட்டிகளுக்குத் தசை வெளுத்துப்போகும் ஒரு நோய் இருந்தது. செலேனியம் கொடுத்தால் அது தீரும் என்பது கால்நடை வைத்தியருக்குத் தெரிந்திருந்தது. இந்த அறிவுகூட அப்போது புதிதுதான். 1957 வரை உலகம் செலேனியத்தை ஒரு நஞ்சாக மட்டுமே அறிந்திருந்தது. அந்த வருடந்தான் சுவாட்சு, போல்ற்சு என்ற இரு விஞ்ஞானிகள் அது விலங்குகளின் உடம்புக்கு அவசியமானது என்று காட்டினர். ஆட்டுக்குட்டியின் தசைக்கு உதவுவது பிள்ளையின் இருதயத் தசைக்கும் உதவலாமே என்று சீன வைத்தியர்கள் எண்ணினர்.

1974இல் சிச்சுவான் மாகாணத்தின் மியன்னிங் மாவட்டத்தில் 1 முதல் 9 வயது வரையான பிள்ளைகளுக்குக் கிழமைக்கொரு தடவை செலேனியம் கலந்த குளிசை கொடுத்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத குளிசை. அவ்வருடம் மருந்து பெற்ற 4510 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் வந்தது. பெறாத 3985 பேரில் 54 பேருக்கு வந்தது. அடுத்த வருடம் பெற்ற 6767 பேரில் 7, பெறாத 5445 பேரில் 52. இதற்குப் பிறகும் ஒரு பகுதிக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்பதால் 1976 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

செலேனியம் செய்யும் வேலை இதுதான். இருதயம் ஓய்வில்லாமல் அடிக்கும் தசை. ஒட்சிசனை அது ஓயாமல் செலவழிப்பதால் அரிக்கும் தன்மையுள்ள சில பொருட்கள் கழிவாக உண்டாகின்றன. அவற்றை உடனுக்குடன் அழிக்கும் ஒரு நொதியம் உடம்பில் உண்டு. செலேனியம் இல்லாமல் அந்த நொதியம் உருவாகாது. அது இல்லாவிட்டால் துரு பிடிப்பது போலத் தசை அரிபடும்.

கதை அத்துடன் முடியவில்லை. சில வருடங்களில் நோய் கூடியது, சிலவற்றில் குறைந்தது. மண் வருடா வருடம் மாறுவதில்லையே? 1990களில் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கொரு விடை தந்தது. இருதயத்தைத் தாக்கக்கூடிய கொக்சாக்கி என்ற வைரசு, செலேனியம் போதாத எலியின் உடம்பில் புகுந்தால் உருமாறிக் கொடியதாகிவிடுகிறது. ஆகவே ஊட்டக்குறை ஒன்று, கிருமி ஒன்று, இரண்டும் சேர்ந்தே நோயை வரவழைத்திருக்க வேண்டும் என்று இன்று கருதுகின்றனர். செலேனியம் சேர்த்த உப்பு, பின் கிராமங்களின் வசதி பெருகிப் பல இடத்து உணவு கடைகளுக்கு வந்தமை எல்லாம் சேர்ந்து நோயை மிகவும் குறைத்துவிட்டன.

அப்படியானால் செலேனியத்தை அள்ளிச் சாப்பிடலாமா? அதே சீனாவின் ஊபெய் மாகாணத்தில் என்சி என்ற இடம் இருக்கிறது. அங்கே மலையின் கற்கரியிலிருந்து செலேனியம் மண்ணில் ஊறியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் மழை பொய்த்து நெல் கருகவே, சனங்கள் அந்த மண்ணின் சோளத்தையும் மரக்கறியையும் கூடுதலாக உண்டனர். தலைமயிர் கொட்டியது, நகம் கழன்றது, நரம்பும் பாதிக்கப்பட்டது. கேசான் நோய்ப் பகுதிகளில் ஒருவர் ஒரு நாளில் உண்ட செலேனியம் சுமார் 10 மைக்ரோகிராம். என்சியில் சுமார் 5000. உடம்புக்கு வேண்டியதோ 55 அளவில்.

கோபாற்றும் இப்படித்தான். விற்றமின் பி12 இல் அது ஓர் அணுவாக இருந்து எமக்கு உயிர் தருகிறது. 1965, 1966இல் கனடாவின் குவிபெக் நகரில் பியரின் நுரை நிற்பதற்காக அதிற் சிறிதளவு கோபாற்று உப்பைச் சேர்த்தார்கள். நல்ல சாப்பாடில்லாமல் நிறையக் குடித்தவர்களில் பலர் இருதயத் தசை பழுதாகி நோயுற்றனர், இருபது பேரளவில் இறந்தனர்.

இனி எமது பக்கம் வருவோம். எமது பகுதிகளில் வரும் இருதய நோய்க்குப் பெரும்பாலும் காரணம் உயர் குருதி அமுக்கம், சீனி வருத்தம், புகைத்தல் ஆகியவையே. கேசான் நோய் அன்று. ஆகவே இருதயத்துக்கு நல்லது என்று பார்மசியில் விற்கும் செலேனியக் குளிசைக்குக் காசு கொடுப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம். 2001இல் அமெரிக்காவில் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில் செலேனியக் குளிசை இருதய நோயைக் குறைக்கவில்லை. போதியளவு உள்ளவருக்கு மேலும் கொடுப்பதால் பயனில்லை.

நிவாரண அட்டைக்கு வந்த பருப்பைத் தின்று அலுத்தவர்கள் எம்மிடையே அநேகர். அந்த மைசூர்ப் பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைக்கு இறக்குமதியாகும் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைவது. கனடாவின் சசுக்காச்சுவான் மாகாண மண்ணில் செலேனியம் நிறைய உண்டு, அங்கு விளையும் பருப்பிலும் உண்டு. எங்கோ ஒரு தூர தேசத்து மண்ணின் சத்து எமது சட்டிக்குள் வந்து விழுகிறது. கூடவே ஒரு துண்டுக் கருவாடோ நெத்தலியோ முட்டையோ கிடைத்தால் செலேனியத்துக்கும் நாகத்துக்கும் வேறு வழி தேட வேண்டியதில்லை. வெறும் சோறும் சீனித் தேநீருமாக நாட்கள் போவதே நாம் பயப்பட வேண்டியது. இரும்புச்சத்துக் குறைந்து குருதி வெளுத்தாலும் இருதயம் கூடுதலாக அடித்து இளைக்கும். பெண்கள் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதைத் தவிர்த்து ஒரு மணித்தியாலம் பொறுத்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

உடம்புக்கு ஒரு துளியும் வேண்டாத உலோகங்களும் உண்டு. ஈயமும் கட்மியமும் அவற்றில் முக்கியமானவை. ஈயம் குருதி அமுக்கத்தை உயர்த்தும். கட்மியம் சிறுநீரகத்தில் புகுந்தால் பத்து, இருபது வருடங்கள் அங்கேயே கிடக்கும். இவை இருதய நோய்க்கும் காரணமாகின்றன என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2023இல் அறிவித்தது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள கட்மியத்தை இழுத்து இலையில் சேர்ப்பது. சுருட்டோ பீடியோ சிகரட்டோ, அதன் புகையோடு கட்மியமும் நெஞ்சுக்குள் போகிறது. பொசுபேற்றுப் பசளையிலும், அது எடுக்கப்பட்ட பாறையைப் பொறுத்து, கட்மியம் கலந்திருக்கும். மீண்டும் காணிக்குத் திரும்பிப் பயிர் செய்பவர்கள் விவசாயப் போதனாசிரியர் சொன்ன அளவுக்கு மேல் அதைப் போடவேண்டாம். விளைச்சல் கூடாது, காசும் நட்டம்.

ஈயத்தைப் பொறுத்தவரை எமக்கு மிகவும் கவலை தருவது பழைய வாகன பற்றரிகள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கவோ இரும்புக்கடைக்கு விற்கவோ அவற்றை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குவது கூடவே கூடாது. அந்தப் புகையும் தூளும் முற்றத்து மண்ணில் படிந்து, தவழும் பிள்ளையின் கையால் வாய்க்குப் போகும். உடையாத பற்றரியையும் கடைக்காரர் வாங்குவார். முழுதாகவே கொடுத்துவிடுங்கள்.