அழுகைக்குப் பதில் ஒரு சொல்

மூன்று வயதாகியும் சில பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. நினைத்தது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுவார்கள். தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். இவர்களில் சிலருக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். 1943-ஆம் ஆண்டில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகு உலகம் இதனைப் பரவலாக அறிந்தது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமல்ல, சாமி குற்றமுமல்ல, தடுப்பூசியுமல்ல.

இத்தகைய பிள்ளைக்கு முதலில் பேச்சைக் கற்பிப்பதா, அடத்தைத் திருத்துவதா? இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

அலமாரியின் மேல் மைலோ டின் இருக்கிறது. பையனுக்குக் கேட்கத் தெரியவில்லை, அழுகிறான். பாட்டி மனம் பொறுக்காமல் மைலோ கலக்கிக் கொடுக்கிறார். பையன் என்ன கற்றுக்கொண்டான்? அழுதால் மைலோ வரும் என்று கற்றுக்கொண்டான். அவனுக்கு அழுகைதான் பேச்சு. அடித்து அதை நிறுத்தினால், அவனிடம் இருந்த ஒரே சொல்லையும் பிடுங்கியவர்கள் ஆவோம். அழுகையைவிட எளிதான ஒரு சொல்லைக் கொடுத்தால், அழுகைக்குத் தேவை குறையும்.

1985-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகள் எப்போது முரண்டு பிடிக்கிறார்கள் என்று முதலில் கவனித்தார்கள். பாடம் கடினமானபோது முரண்டு பிடித்தவர்களுக்கு உதவி கேட்கக் கற்பித்தார்கள். யாரும் கவனிக்காதபோது முரண்டு பிடித்தவர்களுக்குக் கவனத்தைக் கேட்டுப் பெறக் கற்பித்தார்கள். முரண்டு வெகுவாகக் குறைந்தது.

அதே ஆண்டில் ஆண்டி பாண்டி என்ற உளவியலாளரும் லோரி ஃப்ராஸ்ட் என்ற பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து, வேண்டிய பொருளின் படத்தைப் பிறர் கையில் கொடுத்துக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். எந்தச் சொல்லை, எந்த வடிவில் கற்பிப்பது என்று பேச்சுப் பயிற்சி சொல்லும். எப்போது உதவுவது, எப்போது உதவியைக் குறைப்பது என்று நடத்தைப் பயிற்சி சொல்லும்.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? மைலோ டின்னின் படத்தை ஓர் அட்டையில் ஒட்டுங்கள். அம்மா எதிரே அமர்ந்து கையை நீட்டட்டும். அப்பாவோ அக்காவோ பின்னாலிருந்து பையனின் கையைப் பிடித்து, படத்தை அம்மாவிடம் கொடுக்க வைக்கட்டும். படம் வந்ததும், "மைலோ" என்று தெளிவாகச் சொல்லி உடனே கொடுங்கள். "வாய் திறந்து சொன்னால்தான் தருவேன்" என்று காக்க வைக்காதீர்கள். நாளடைவில் பின்னாலிருந்து உதவுவதைக் குறையுங்கள். "போதும்", "வேண்டாம்" என்பவற்றுக்கும் படம் வேண்டும். பாட்டி முதல் ஆயா வரை எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொள்ள வேண்டும்.

படம் பேச்சைத் தடுப்பதில்லை. தமிழில் பேசுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. திடீரென்று அழுகை மிகுந்தால் காதுவலியா, பல்வலியா என்று முதலில் பாருங்கள்.

நிபுணர்கள் தோட்டத்துக்கு வருவார்களா என்று கேட்கலாம். இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத உள்ளூர் ஊழியர்கள் பயிற்சி பெற்று, பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது அதிகமானது. ஆகவே பெற்றோரின் கையிலும் நிறைய இருக்கிறது.

ரெம்பாவ் வட்டாரத்தில் இருப்பவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். நம் நாட்டில் 18 மாதத்திலேயே இதற்கான கேள்விப் பட்டியல் உண்டு. காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் உள்ளன. அவற்றையும் விசாரியுங்கள்.

இந்தப் பயிற்சியால் ஆட்டிசம் மறைந்துவிடாது. சில பிள்ளைகள் பேசுவார்கள். சிலருக்குப் படமே வாழ்நாள் பேச்சாக இருக்கும். அதுவும் பேச்சுதான். தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை நிம்மதியாக இருக்கும். வீடும் நிம்மதியாக இருக்கும்.