புதுச் சரக்குக்குப் பழைய முகம்: கூடுதல் விலை தகுமா?

மளிகைக் கடைக்காரருக்குப் பழைய சரக்கின் அருமை தெரியும். புது அரிசி குழையும். பழைய அரிசி உதிரியாக வரும், பானையில் கூடவும் காணும். ஆம்பூரில் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வாங்க வருகிறவர் முதலில் கேட்பதே "பழசுதானே?" என்றுதான். அந்தப் பழசுக்காகக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாக வாங்குகிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. மூட்டையைக் கிடங்கில் போட்டு வைத்திருந்த மாதங்களுக்கு முதலுக்கு வட்டி உண்டு. வண்டு அரித்தது உண்டு. எடை குறைந்தது உண்டு. கூடுதல் விலை என்பது காத்திருந்ததற்கான கூலி.

காத்திருக்காமலேயே ஒரு சரக்கைப் பழசாக்கி, அதே சரக்கின் புதுசைவிடக் கூடுதல் விலை வைத்தால் என்ன செய்வது? இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று வணிக நண்பர்கள் நினைக்க வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களில் இது அன்றாட வேலை. மளிகைக் கடை வைத்திருப்பவரின் தம்பி காலணிக் கடை வைத்திருப்பது நம் பகுதியில் சாதாரணம். மளிகையோடு ஓர் அலமாரியில் பெல்ட்டும் பர்ஸும் தொங்கவிட்டிருப்பவர்களும் உண்டு. "ஆன்டிக் ஃபினிஷ்" என்று சொல்லி முகவர் காட்டும் சரக்கைக் கொள்முதல் செய்யலாமா, செய்தால் எவ்வளவு விலை வைக்கலாம் என்ற கேள்வி இவர்கள் எல்லோருக்கும் உரியது.

பழசாக்கும் வேலை

நம் ஊர்த் தோலின் பழைய பெருமை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் கை பட்டு, வெயில் பட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஆண்டுக்கு ஆண்டு நிறம் கனிந்துகொண்டே போகும். தாத்தா காலத்து இடுப்புப் பட்டையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பின்னால் குரோம் பதனீடு வந்தது. வேலை விரைவாக முடியும், தோல் மென்மையாக இருக்கும், போட்ட நிறம் போட்டபடி நிற்கும். 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோலையும் அரைப்பதனில் உள்ள தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்ததும், நமது டேனரிகளில் ஃபினிஷிங் பிரிவு பெரிதாக வளர்ந்தது. நிறம் மாறாத தோல் செய்யக் கற்றுக்கொண்ட அதே தொழிலிடம், நிறம் மாறியதுபோல் தெரிகிற தோல் கேட்டு ஆர்டர் வந்ததுதான் வேடிக்கை.

இதில் பல வகை உண்டு. எண்ணெயும் மெழுகும் ஏற்றிய தோலுக்குப் "புல்-அப்" என்று பெயர். மடக்கினால் அந்த இடம் வெளிறும், விட்டால் பெரும்பாலும் திரும்பும். தோலின் மேற்பரப்பை எமரித் தாளால் லேசாக உரசி, அதன்மேல் மெழுகு ஏற்றினால் "கிரேசி ஹார்ஸ்". நகம் பட்டாலே கோடு விழும், அந்தக் கோடுதான் அதன் அழகு என்பார்கள். தைத்து முடித்த ஷூவின் முனையையும் குதிகாலையும் சுழலும் சக்கரத்தில் காட்டி, சூட்டிலும் உராய்விலும் கருக்கச் செய்வது "பர்னிஷ்". கருநிறத்தைப் பூசிவிட்டு மேட்டுப் பகுதிகளில் மட்டும் துடைத்தெடுத்தால் இரட்டை நிறம் வரும். ஜாக்கெட் தோலாக இருந்தால் டிரம்மில் போட்டு உருட்டிச் சுருக்கம் ஏற்றுவதும் உண்டு.

இவற்றில் பர்னிஷ் வேலை முழுக்க ஆள் வேலை. சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் தோல் கருகிவிடும், குறைவாகப் பிடித்தால் வலது காலும் இடது காலும் ஒத்துப்போகாது. கழிவாகும் ஜோடிகளின் செலவையும் நல்ல ஜோடிகள்தான் சுமக்க வேண்டும். ஆகவே சாதாரண ஷூவைவிடப் பர்னிஷ் ஷூ சற்று விலை கூடுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கூடுதல் யாருடைய கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி. சக்கரத்தடியில் நிற்பவருக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் பதில் இனிக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. தோலில் முள் கீறல், உண்ணிக் கடி, பழைய புண்ணின் தழும்பு இருந்தால் அது தரம்பிரிப்பில் கீழே போகும். அதே தோலுக்குப் "பழைய தோற்றம்" கொடுத்துவிட்டால் தழும்பு குறையாகத் தெரியாது, அழகாகத் தெரியும். இது மோசடி ஆகாது. தரம் குறைந்த தோலும் உழைக்கும் தோல்தான். ஆனால் கழிவு விலைக்கு வாங்கிய தோலுக்கு முதல் தர விலையும், அதற்குமேல் ஆன்டிக் என்ற பெயரும் சேரும்போது கடைக்காரர் ஒரு நிமிடம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

கிதார் வியாபாரிகளின் கதை

இந்த வியாபாரத்தை உலகில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் எலெக்ட்ரிக் கிதார் செய்பவர்கள். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1995-இல் "ரெலிக்" என்ற வரிசையைக் கொண்டுவந்தது. புத்தம் புதுக் கிதாரின் வண்ணத்தைச் சுரண்டி, மரத்தைத் தெரியவைத்து, உலோக உறுப்புகளை மங்கவைத்து, நாற்பது வருடம் மேடையில் வாசித்தது போலாக்கி விற்பார்கள். போட்டி நிறுவனமான கிப்சன் 2021-இல் "மர்ஃபி லேப்" என்ற பெயரில், லேசாகத் தேய்ந்தது முதல் மிக அதிகமாகத் தேய்ந்தது வரை படிப்படியாக வைத்தது. தேய்மானம் கூடக் கூட விலையும் கூடும்! சேதாரத்துக்குத் தள்ளுபடி கேட்கும் வாடிக்கையாளர்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்புத்தான்.

அதற்கு ஆசை எங்கிருந்து வந்தது? அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலாகர் 1963-இல் கடனுக்கு வாங்கிய ஒரு கிதாரை ஆயுள் முழுக்க வாசித்தார். வியர்வை பட்டு அதன் வண்ணம் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்துபோயிற்று. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2024-இல் இலண்டனில் அது ஏலத்தில் சுமார் 8.9 இலட்சம் பவுண்டுக்குப் போனது. அந்தத் தேய்மானத்தை அப்படியே நகலெடுத்து ஃபெண்டர் நிறுவனமே முன்னதாகப் பிரதிகள் செய்து விற்றிருக்கிறது. அசலில் இருப்பது ஒரு மனிதரின் முப்பது வருட வியர்வை. பிரதியில் இருப்பது பட்டறை ஆளின் சில நாள் வேலை. நாத விஷயத்தில், கம்பியும் அதனடியில் உள்ள காந்தச் சுருளும் ஒலியைத் தீர்மானிக்கும் அளவுக்கு உதிர்ந்த வண்ணம் தீர்மானிப்பதில்லை. தேய்த்து வழவழப்பாக்கிய கழுத்துப் பகுதி கைக்கு இதமாக இருக்கும், அது ஒன்றுதான் உபயோகத்தில் கண்ட லாபம். மீதி எல்லாம் கண்ணுக்காகக் கொடுக்கும் காசு. பட்டுப்புடவைக்கும் அப்படித்தானே கொடுக்கிறோம் என்று கேட்பவர் கேட்கலாம், கேள்வி சரியானதுதான்.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1958-இல் சென்னைக் கைத்தறிக் கட்டத் துணி அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய், துவைத்ததும் சாயம் ஓடி, பெரிய வழக்காகும் நிலை வந்தது என்றும், "சாயம் ஓடுவது உறுதி" என்று அதையே சிறப்பாக விளம்பரம் செய்ததும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது என்றும் ஜவுளிக்காரர்கள் சொல்வார்கள். குறையை முன்கூட்டியே சொன்னதால் அது குணமாயிற்று. சொல்லாமல் விற்றபோது அதே துணி புகாராகத்தான் திரும்பி வந்தது.

பழசாக்கும் வேலைக்கு உயிர் விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஜீன்ஸ் துணியை வெளிறவைக்க மணலைப் பீய்ச்சி அடித்த துருக்கித் தொழிலாளர்களுக்கு நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து நோய் வந்தது. 2009-இல் அந்த நாடு அம்முறையைத் தடை செய்தது. தோலை உரசும் இடத்திலும் தூசி உண்டு. கழிவுநீரைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு டேனரிகள் பட்டபாடு ஊரறிந்தது.

கடையில் எப்படிப் பார்ப்பது

முகவர் சரக்கைக் கொண்டுவந்ததும் முதலில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். பர்ஸின் உள் ஓரத்திலோ ஷூ நாக்கின் ஓரத்திலோ அது தெரியும். மேலே நெருக்கமான தோல், கீழே நார் என்று ஒன்றாக இழைந்திருந்தால் நல்ல தோல். வெறும் நாரின்மேல் பிளாஸ்டிக் படலம் தனியாகத் தெரிந்தால் அது பிளவுத் தோலில் போட்ட பூச்சு. அதற்கு எந்தப் பழைய தோற்றம் கொடுத்தாலும் கூடுதல் விலை தகாது. புல்-அப் என்று சொன்னால் மடக்கிப் பாருங்கள்; வெளிறிய இடத்தைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் நிறம் திரும்ப வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணியில் இறங்கும் நிறம், நாளை வாடிக்கையாளரின் வேட்டியிலும் இறங்கும்.

விலை விஷயத்தில் வரிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதற்கு மேல் 18 சதவிகிதம். ரூ.2,500-க்கு விற்கும் சாதாரண ஷூ வாடிக்கையாளருக்கு ரூ.2,625 ஆகிறது. ஆன்டிக் வேலைக்கென்று நூறு ரூபாய் ஏற்றி ரூ.2,600 வைத்தால் அவர் கொடுப்பது ரூ.3,068. நூறு ரூபாய் வேலைக்கு அவர் 443 ரூபாய் தருகிறார். அதில் நமக்கு வருவது நூறுக்குள்தான். இந்த எல்லைக்கு அருகில் உள்ள சரக்கில் பழைய தோற்றம் நட்டக் கணக்கு. நன்கு கீழேயோ நன்கு மேலேயோ உள்ள சரக்கில் பார்க்கலாம்.

அடுத்தது பேச்சு. "என்னங்க, பழைய மாலைத் தலையில கட்டிட்டீங்களே?" என்று மூன்றாம் நாள் ஷூவோடு வருகிறவரை எல்லாக் கடைக்காரரும் ஒரு தடவையாவது சந்திப்பார்கள். பழைய சரக்கைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவது நேர்மையற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. உங்கள் சரக்கு புதியதுதான் என்றாலும் அதை நிரூபிக்கும் வேலை உங்களுக்கு எதற்கு? "ஆன்டிக் ஃபினிஷ், புதியது, கீறல் விழும், நிறம் மாறும்" என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏற்றுமதியில் கழிந்த ஜோடியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆம்பூர்க் கடைகளில் அதைத் தேடி வாங்குவதற்கென்றே வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள், ஒளிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. பழைய தோற்றம் உள்ள சரக்கு என்பதால் எத்தனை நாள் கிடந்தாலும் கெடாது என்று நினைத்துக் கூடுதலாக வாங்கி அடுக்கிவிடாதீர்கள். மெழுகு ஏற்றிய தோலில் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ள ஷூ, காலில் போடாமலே அலமாரியில் சில வருடம் கிடந்தால் ஈரக்காற்றில் சிதைந்து, முதல் நாள் நடையிலேயே மாவாக உதிரும். பெட்டியில் வந்த தேதியை எழுதி வையுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். ஒரு பருவத்துக்கு விற்கும் அளவு மட்டும் வாங்கினால் போதும். கொள்முதலின்போதே, அடிப்பாகம் சிதைந்தால் மாற்றித் தருவதாக மொத்த வியாபாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.