ஒற்றைச் செங்கல்லுக்கு ஏன் பதில் சொல்ல முடியவில்லை?

வடிவேலு முழிக்கும் ஒரு படம், கீழே இரண்டு வரி. தமிழ்நாட்டில் அரசியல் மீம் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். படத்தைப் பார்த்ததுமே அந்த வசனம் குரலோடும் இழுவையோடும் நமக்குள் ஓடிவிடுகிறது. மீம் போட்டவர் சொல்வது பாதிதான், மீதியைப் பார்ப்பவரே சொல்லிக்கொள்கிறார். தன் வாயால் சொல்லிக்கொண்ட குற்றச்சாட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. மீமின் பலம் இதுதான்.

அந்தப் பலம் எவ்வளவு வேகமாகத் திரளும் என்பதை 2019 மே மாதத்தில் பார்த்தோம். பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவியேற்பதற்கு முந்தைய நாள், 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்தது. அது வெறும் கூத்து. ஆனால் அதே கூட்டம்தான் ஓராண்டுக்கு முன், 2018 ஏப்ரல் 12 அன்று, காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கப்படாத கோபத்தில் ‘கோ பேக் மோடி’யை டிரெண்ட் ஆக்கியிருந்தது.

சிரிப்பு எப்படி அரசியலாகிறது என்பதற்கு மதுரை எய்ம்ஸ் மருத்துவமனையைவிட நல்ல உதாரணம் இல்லை. தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று 2015 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடனுக்காகக் காத்திருந்ததில், அதற்கு ஒதுக்கிய தோப்பூர் இடம் காலியாகவே கிடந்தது. இதைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்தன, யார் படித்தார்கள்? 2021 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில், உதயநிதி ஸ்டாலின் எய்ம்ஸ் என்று எழுதிய ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். கட்டி முடித்ததைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன் என்பது அதன் பொருள். ஆறு வருடத் தாமதம் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. செங்கல்லைத் திருடிவிட்டார் என்று பா.ஜ.க. தரப்பிலிருந்து போலீசுக்குப் புகார் போக, கலாய்ப்பு இரட்டிப்பானது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அப்போதைய பா.ஜ.க. தலைவர் ஜே.பி. நட்டா, எய்ம்ஸ் பணி 95 சதவீதம் முடிந்துவிட்டது என்றார். மதுரை, விருதுநகர் எம்.பி.க்கள் நேரே தோப்பூருக்குப் போய், அந்த 95 சதவீதத்தைத் தேடுவதுபோல் படம் எடுத்துப் போட்டார்கள். ‘கிணத்தக் காணோம்’ என்று புகார் கொடுக்கப் போன வடிவேலு நினைவுக்கு வராத தமிழர் உண்டா? கட்டுமானத்துக்கு முந்தைய பணிகளைத்தான் சொன்னார் என்று கட்சி விளக்கம் கொடுத்தது. நியாயமான விளக்கமாகவே இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும். சிரிக்க ஒரு பார்வை போதும். பதில் சொன்னால் அந்தப் பதிலே அடுத்த டெம்ப்ளேட் ஆகிவிடும். எய்ம்ஸ் கட்டுமானம் தொடங்கியதோ 2024இல்தான்.

மீமுக்குக் கட்சி விசுவாசமும் கிடையாது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை ரத்து செய்யும் ரகசியம் தெரியும் என்று அதே உதயநிதி அதே 2021 தேர்தலில் பேசினார். தி.மு.க. ஆட்சிக்கு வந்தும் நீட் போகவில்லை. “அந்த ரகசியம் என்ன ஆச்சு?” என்று இன்றுவரை அவரைத் துரத்துகிறார்கள்.

அதிகாரம் சில சமயம் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டுக் கையை ஓங்கும். 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, அப்போது மேற்கு வங்க முதல்வராக இருந்த மம்தா பானர்ஜியைக் கேலி செய்த ஒரு படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காகக் கைதானார். அந்தக் கேலி சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படத்தை வைத்துச் செய்தது. நமக்கு வடிவேலு என்றால் வங்காளிகளுக்கு ராய், அவ்வளவுதான் வித்தியாசம். கைதுக்குப் பிறகு, அந்தக் கேலிப் படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். அவர் வழக்கிலிருந்து விடுபட 2023 ஜனவரி வரை ஆனது.

மீமால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்கு இளைஞர்களை இழுத்ததில் சமூக ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அரசை அவசரச் சட்டத்துக்குத் தள்ளியது, கொட்டும் பனியில் இரவு பகலாக அங்கே உட்கார்ந்திருந்த கூட்டம். இப்போதோ ஒவ்வொரு கட்சிக்கும் ஐ.டி. விங் இருக்கிறது. மக்கள் கேலி போலத் தெரிவதில் பாதி, எங்கோ அறை போட்டுச் செய்தது. பெண் தலைவர்களின் உடலையும் எதிராளியின் சாதியையும் குறிவைக்கும் மீம்களும் அங்கிருந்தே வருகின்றன. அதற்கு அரசியல் என்று பெயர் வைப்பது அநியாயம்.

பகிர்வதற்கு முன் ஒன்று தெரிந்திருக்கட்டும். மகாபாத்ரா மீது பாய்ந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. ஆட்சியாளரைக் கேலி செய்வது குற்றமல்ல. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகள் இருக்கின்றன. இரு பிரிவினரிடையே பகை மூட்டும் படத்துக்கும், கலவரம் கிளப்பும் பொய்ச் செய்திக்கும் வழக்குப் போடலாம். ஃபார்வர்டு செய்தவர் மீதும் போடலாம்.