கல்லுக்குள் வந்த விருந்தாளி: நண்பனா, வில்லனா?

லேப்பில் மோட்டார் ஓடவில்லை என்றால் உடனே சுத்தியலைத் தூக்குவோமா? ஃபால்ட் எங்கே என்றுதானே முதலில் பார்ப்போம்! வீட்டில் பவளத் தொட்டி வளர்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான்.

உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க அஸ்திவாரம் 'லைவ் ராக்' எனும் பவளப்பாறைத் துண்டுகள். பேர்தான் கல்லு. அதன் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக, இந்தக் கல்லே ஒரு ஃபில்டர்! ஆனால் அதே துளைகளில் டிக்கெட் எடுக்காத பயணிகளும் வந்துவிடுகிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் 'வித்தவுட்'!

இவர்களைப் பிடிக்க நாம்தான் டிக்கெட் பரிசோதகர். பலரும் ராத்திரியில்தான் வெளியே வருவார்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் பேப்பர் சுற்றிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் பல கடல் உயிர்களுக்குச் சரியாகத் தெரியாது.

முள்புழு: இரண்டு பக்கமும் வெள்ளை முள்மயிர். பார்த்தாலே பயம் வரும். ஆனால் பெரும்பாலானவை மிச்சத் தீனியையும் செத்த மீனையும் தின்னும் சம்பளமில்லாத துப்புரவாளர்கள். செத்த மீன் பக்கத்தில் இது இருந்தால் கொலைகாரன் என்று முடிவு கட்டாதீர்கள். சாவு விழுந்த பிறகு வந்தவனாக இருக்கலாம்! வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். முள் தோலில் ஒடிந்து எரியும்.

எல்லாப் புழுவும் சாது அல்ல. 2009-ல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சி மீனகத்தில் பவளங்கள் மர்மமாக வெட்டுப்பட்டன. தொட்டியையே பிரித்துத் தேடியதில் கிடைத்தது சுமார் 4 அடி நீளப் புழு! 'யூனிஸ்' வகையைச் சேர்ந்த இந்தப் புழுக்களுக்குத் தலையில் 5 உணர்கொம்புகள். அதை எண்ணினால் ஆளைப் பிடித்துவிடலாம்.

நண்டு: கொடுக்கின் நுனியைப் பாருங்கள். கறுத்த நுனி, உடம்பெல்லாம் மயிர் என்றால் மாமிசப் பிரியனாக இருக்க வாய்ப்பு அதிகம். கரண்டி போன்ற நுனி என்றால் பாசி சுரண்டித் தின்பவன். பவளக் கிளைக்குள்ளேயே குடியிருக்கும் வழவழப்பான சின்ன நண்டு அந்தப் பவளத்துக்கே வாட்ச்மேன்!

'டக் டக்' சத்தம்: ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்தால் பிஸ்டல் இறால், பெரும்பாலும் தொந்தரவில்லை. காம்பின் மேல் கண், மடக்கிய கை என்றால் மேன்டிஸ் இறால். மயில் மேன்டிஸ் இறாலின் குத்து வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும். தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

ஐப்டேசியா: பழுப்பு நிறத்தில், கண்ணாடி போன்ற குட்டிக் கடல் அனிமோன். பவளத்தைக் கொட்டும். கோபத்தில் சுரண்டினால் போச்சு! பிய்ந்த துண்டுகள் புது அனிமோன்களாக முளைக்கும். பெப்பர்மின்ட் இறாலை விட்டால் பல நேரங்களில் தின்றுவிடும்.

"இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குப்பா? கல்லைக் கொதிக்க வெச்சா எல்லாம் காலி!" என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. கல்லில் ஒட்டி வரும் சில ஜோவாந்திட் பவளங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. கொதிக்க வைத்தால் ஆவியோடு மூச்சில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் பவளத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த விஷம் கிளம்பி, ஒரு குடும்பமும் உதவிக்கு வந்தவர்களும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று.

எனவே கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்காதீர்கள். சந்தேகம் வந்தால் கல்லைத் தனி வாளியில் உப்புத் தண்ணீரில் வைத்து, சில ராத்திரிகள் கவனியுங்கள்.

முதலில் ஆள் யார்னு தெரிஞ்சுக்குவோம். தண்டனையை அப்புறம் பார்த்துக்கலாம்!